கண்ணாடி ஓர விளக்கு எரியாவிட்டால்: பிளைண்ட் ஸ்பாட் மானிட்டர் கோளாறைக் கண்டறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கயத்தாற்றிலிருந்து காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் கார் ஓட்டுபவர்களுக்கு, பக்கக் கண்ணாடியிலும் அகப்படாமல் பின் சக்கரத்தை ஒட்டியே வரும் வண்டி எவ்வளவு பெரிய தொல்லை என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மறைபகுதியில் வண்டி வந்தால் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கை எரியவைத்து எச்சரிக்கும் பிளைண்ட் ஸ்பாட் மானிட்டர், ஒரு காலத்தில் வெளிநாட்டு ஆடம்பரக் கார்களில் மட்டும் இருந்தது. இப்போது ஹூண்டாய், கியா, டாட்டா, எம்ஜி ஆகிய நிறுவனங்களின் விலை கூடிய வகைகளில் அது கிடைப்பதால், பாளையங்கோட்டைத் தெருக்களிலும் வள்ளியூர்ச் சந்தையிலும் அத்தகைய வண்டிகள் நிற்பதைக் காண முடிகிறது. வசதி வந்ததோடு அதன் கோளாறும் வந்திருக்கிறது. விளக்கு எரியவில்லை, அல்லது யாரும் இல்லாத இடத்திலும் எரிகிறது, அல்லது எச்சரிக்கை வாசகம் ஒன்று முன்பலகையில் வந்து போகமாட்டேன் என்கிறது என்று பட்டறைக்குப் போனால், 'சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்ற பதில் உடனே கிடைக்கும்.

அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வதற்கு முன்பு வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடிய வேலைகள் பல உள்ளன. நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சாலையிலும் தட்பவெப்பத்திலும் இந்தக் கருவிக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் சென்சாருக்கு வெளியே இருப்பவை: புழுதி, ஒட்டுப்படம், பம்பரின் விரிசலை அடைக்கப் பூசிய பட்டி, பிய்ந்த வயர், வலுக்குறைந்த பேட்டரி. எனவே செலவில்லாத சோதனையிலிருந்து செலவு கூடிய சோதனைக்கு என்ற வரிசையில் இக்கட்டுரை செல்கிறது. அந்த வரிசையை மாற்றாமல் போவது நல்லது. ஏனெனில் அடுத்த படியில் கிடைக்கும் விடை, முந்தைய படி சரியாக முடிந்திருந்தால்தான் நம்பத்தக்கதாக இருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

பெரும்பாலான கார்களில் இந்த வேலையைச் செய்வது ரேடார், அதாவது ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்பி வருவதைக் கொண்டு வண்டியை அறியும் கருவி. பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும், பிளாஸ்டிக்குக்கு உட்புறமாக, உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பழைய வடிவங்கள் 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் புதியவை 77 கிகாஹெர்ட்ஸ் அளவிலும் இயங்குகின்றன. பம்பரில் வட்ட வட்டமாகப் பொட்டு வைத்ததுபோல் தெரிபவை பார்க்கிங் சென்சார்கள். அவை ஒலியலையில் இயங்கும் வேறு கருவிகள். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு பார்க்கிங் சென்சாரைத் துடைத்துவிட்டு ரேடார் சரியாகும் என்று காத்திருப்பவர்கள் உண்டு.

இன்னொரு வகை முழுக்க முழுக்கக் கேமராவைச் சார்ந்தது. ஹோண்டா சிட்டி, எலிவேட் வண்டிகளின் விலை கூடிய வகைகளில் இடப்பக்கக் கண்ணாடியின் அடியில் இருக்கும் கேமரா, இடது இண்டிகேட்டரைப் போட்டவுடன் பக்கத்துக் காட்சியைத் திரையில் காட்டும். மகிந்திரா எக்ஸ்யூவி 700, ஹூண்டாய் கிரெட்டா போன்றவற்றின் சில வகைகளில் இரண்டு பக்கக் காட்சியும் மீட்டர் இருக்கும் திரையிலேயே தெரியும். இவை படம் காட்டும் கருவிகள். எந்த வண்டி வருகிறது என்று கணக்கிட்டு எச்சரிப்பது ரேடாரின் வேலை. சில கார்களில் இரண்டுமே இருக்கும். படம் மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடியின் அடியில் உள்ள கேமரா வில்லையை மென்மையான ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்ப்பதே முதல் சிகிச்சை. படமே வராவிட்டால் கண்ணாடி மடியும் இடத்தில் உள்ள வயரைச் சந்தேகிக்க வேண்டும். கேமரா வகையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. இனி வருவது ரேடார் வகையைப் பற்றியது.

கோளாறுதானா என்று முதலில் தெளிவது

பல புகார்கள் கருவியின் இயல்பைக் கோளாறு என்று எண்ணுவதால் எழுபவை. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இந்தக் கருவி வேலை செய்யாது. அந்த வேகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் மணிக்கு 10 கிலோமீட்டர், சிலவற்றில் 30 கிலோமீட்டர். ஆகவே வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது பக்கத்தில் ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் அது பழுது ஆகாது. கருவி கவனிக்கும் பரப்பும் ஓரளவுதான்: பொதுவாகக் காரின் இருபுறமும் ஏறக்குறைய ஒரு தடத்தின் அகலம், பின் பம்பரிலிருந்து சில மீட்டர் பின்னோக்கிய நீளம். வேகமாக நெருங்கி வரும் வண்டியையும் சேர்த்துக் கவனிக்கும் வடிவங்களில் இந்த நீளம் இன்னும் கூடுதலாக இருக்கும். நாம் ஒரு லாரியை விரைவாகக் கடந்து போகும்போது அது எரியாமல் இருப்பதும், எதிர்த்திசையில் வரும் வண்டியைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும், நின்றுகொண்டிருக்கும் வண்டிகளை ஒதுக்கிவிடுவதும் அதன் வடிவமைப்பிலேயே உள்ளவை. மோட்டார் சைக்கிளைச் சில வேளைகளில் பிடிக்கும், சில வேளைகளில் விட்டுவிடும். கம்பெனிப் புத்தகத்திலேயே இது எழுதப்பட்டிருக்கும். இருசக்கர வண்டிகள் இடமும் வலமும் புகுந்து வரும் நம் சாலைகளில் இதை நினைவில் வைத்துக்கொள்வது உயிர்காக்கும் செய்தி என்றே சொல்வேன்.

ஒலியைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பல கார்களில், மறைபகுதியில் வண்டி இருந்தால் விளக்கு மட்டும் எரியும். அந்தப் பக்கம் இண்டிகேட்டரைப் போட்டால்தான் விளக்கு மின்னி, ஒலியும் எழும். இண்டிகேட்டர் போடாமலேயே தடம் மாறும் பழக்கமுள்ளவர், 'என் வண்டியில் சத்தமே வருவதில்லை' என்று புகார் சொன்னால் கருவியைக் குறை சொல்ல வழியில்லை.

இவற்றையெல்லாம் தள்ளிய பிறகும் சந்தேகம் நீடித்தால், திரையின் அமைப்புகளில் இந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டியபோது ஒலி தொந்தரவு என்று அணைத்திருக்கலாம். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு சில வண்டிகளில் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவும் கூடும். பிறகு இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை ஓடவிடும்போது இரண்டு கண்ணாடிகளின் விளக்குகளையும் கவனியுங்கள். பல கார்களில் அவை ஓரிரு நொடி எரிந்து அணையும். அது கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அடையாளம். இரண்டு பக்கமும் எரிந்தால் விளக்கும் அதற்குப் போகும் வயரும் நலம். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் ரேடாரை மறந்துவிட்டு அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். உடைந்த கண்ணாடிக்குப் பதில் கடையில் மலிவாகக் கிடைத்த வேறு கண்ணாடியை மாட்டியிருந்தால், அதில் இந்த விளக்கே இருக்காது, அல்லது வயர்களை இணைக்கும் செருகியான கப்ளர் மாட்டப்படாமல் விடப்பட்டிருக்கும்.

முன்பலகையில் வரும் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'சென்சார் மறைக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் வருவது ஒன்று. 'கருவியைப் பரிசோதிக்கவும்' என்ற பொருளில் வருவது வேறொன்று. முன்னது வந்தால் ரேடார் உயிரோடுதான் இருக்கிறது, அதன் முன்னால் ஏதோ தடை இருக்கிறது என்று பொருள். பின்னது வந்தால் மின்சாரம், வயர், அல்லது கருவியின் உட்பகுதியில் குறை இருக்கலாம். எப்போது வந்தது என்பதையும் எழுதுங்கள்: மழையிலா, வெயிலிலா, பம்பர் வேலை முடிந்து வந்த பிறகா, வண்டியைப் பல நாள் ஓட்டாமல் நிறுத்திய பிறகா. இந்த நாலு வரிக் குறிப்பு பட்டறையில் பாதி நாளை மிச்சப்படுத்தும்.

கழுவிப் பார்ப்பது

இது எளிய வேலை என்பதாலேயே பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்; அவ்வளவு சிறிய அலைக்கு ஈரமான சேற்றுப் படலம் ஒரு சுவர். காய்ந்த தூசி மெல்லியதாக இருந்தால் ரேடார் அதைக் கடந்துவிடும். நீர் கலந்தால்தான் சிக்கல். திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரிக் காட்டுச் செம்மணலும், கயத்தாறு சுற்றுவட்டாரத்துக் கரிசலும் மழையில் நனைந்து பம்பர் மூலையில் அப்பிக்கொள்ளும்போது எச்சரிக்கை வாசகம் வருவது இயற்கை. கரிசல் மண் காய்ந்தபின் ஓடுபோல் இறுகிவிடும். மேலோட்டமாகத் தண்ணீர் அடித்தால் போகாது, ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பம்பரின் வெளிப்புறத்தைக் கழுவுவதோடு நிறுத்திவிடாமல், பின் சக்கர வளைவின் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சக்கரம் வாரி அடிக்கும் சேறு பம்பரின் உட்புற மூலையில், அதாவது ரேடார் பெட்டிக்கும் பம்பர் பிளாஸ்டிக்குக்கும் இடையில் தங்கிவிடுகிறது. கார், பிசானம் ஆகிய இரண்டு நெல் பருவங்களின் அறுப்பு முடியும் காலங்களில் சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருக்கும்போது அவற்றின் மீது ஓட்டிச் சென்றவர்களின் வண்டிகளில், வைக்கோல் சுருளாகச் சுற்றி அந்த மூலையில் அடைந்திருப்பதும் உண்டு. ஈர வைக்கோல் ரேடாரை மறைக்கும்; அதுவே காய்ந்து, சூடான புகைபோக்கியில் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புள்ளது. ஆகவே இதை ரேடாருக்காக மட்டுமின்றிப் பொதுவாகவே எடுத்துவிட வேண்டும்.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் அழுத்தம் கூடிய குழாயின் முனையைப் பம்பர் மூலையில் ஒட்டிப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடிப்பது நல்லது. கப்ளருக்குள் தண்ணீர் புகுந்தால் இல்லாத கோளாறைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டதாகிவிடும். கழுவியபின் துடைத்து, வண்டியை நிழலில் உலரவிட்டு, பிறகு சற்று தூரம் ஓட்டிப் பாருங்கள். பல கார்களில் மறைவு நீங்கியது என்பதைக் கருவி ஓடும்போதுதான் உணரும். நின்ற இடத்தில் வாசகம் மறையாததைக் கண்டு சோர்ந்துபோக வேண்டாம்.

குற்றாலச் சீசனில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போகும்போது சாரலும் முன்னால் செல்லும் பேருந்து கிளப்பும் நீர்த்திவலையும் சேர்ந்து இவ்வாசகத்தை வரவழைத்தால், மழை விட்டதும் அது தானாகப் போய்விடும். தானாகப் போவதற்குச் செலவு செய்யாதீர்கள். பின்னிருக்கையிலும் டிக்கியிலும் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகும்போதும் இதைப் போன்ற தற்காலிகத் தடுமாற்றம் வரும். வண்டியின் பின்புறம் தாழ்ந்தால் ரேடார் கதிர் சாலையை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது.

பணகுடி, முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் ரேடாரைக் குழப்புகின்றன என்று சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். சாலையை விட்டு விலகி வயலுக்குள் நிற்கும் காற்றாலை, இந்தச் சிறிய ரேடார் கவனிக்கும் பரப்புக்குள் வருவதே இல்லை. அங்கே விளக்கு வீணாக எரிந்தால் சாலையோர இரும்புத் தடுப்பையோ, நடுத்திட்டு வளைவையோ பாருங்கள். நீளமான இரும்புத் தடுப்பு ரேடாருக்குப் பக்கத்தில் கூடவே வரும் வண்டிபோலத் தோன்றுவது பல கம்பெனிகள் ஒப்புக்கொண்ட குறை. ஆனி, ஆடியில் அந்தப் பகுதியில் அடிக்கும் காற்று கிளப்பும் புழுதி வேறு கதை. அதற்கு மேலே சொன்ன கழுவலே மருந்து.

பம்பருக்கு நாம் செய்தவை

என் கணிப்பில் நம் பக்கத்துக் கோளாறுகளில் மிகுதியானவை இங்கேதான் பிறக்கின்றன. பம்பரின் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை ரேடார் அலை எளிதாகக் கடக்கும். உலோகத்தைக் கடக்காது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பம்பரின் மூலைகளைப் பாருங்கள். பளபளக்கும் வேல் ஒட்டுப்படம், கட்சிக் கொடியின் நிறப் பட்டை, இரவில் ஒளிரும் பிரதிபலிப்பு நாடா, குரோம் பூசிய ஓரப்பட்டை ஆகியவற்றில் உலோகப் படலம் இருக்க வாய்ப்புள்ளது. முருகன் மீது உள்ள பக்தியைப் பின் கண்ணாடியிலோ டிக்கிக் கதவின் நடுவிலோ காட்டிக்கொள்ளலாம். பம்பரின் இரு மூலைகளிலிருந்தும் ஏறக்குறைய ஒன்றரை அடி அகலத்துக்கு எதுவும் ஒட்டாமல் விடுவது பாதுகாப்பு.

பின்புறம் இரும்புக் குழாயில் கார்டு மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதனால் ரேடார் கெடுவது ஒருபுறம் இருக்க, சட்டமும் அதற்கு இடம் தருவதில்லை: 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, இத்தகைய கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. இழுவைக் கொக்கி மாட்டி, அதில் டிரெய்லரோ சைக்கிள் தாங்கியோ வைத்திருந்தாலும் கருவி மறைக்கப்பட்டதாகவே எண்ணும்.

பட்டி பார்த்த பம்பர்தான் எளிதில் கண்டுபிடிக்க முடியாதது. யாரோ பின்னால் இடித்து மூலையில் விரிசல் விழுந்தது, டிங்கர் பட்டறையில் சூடுகாட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்; பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கிறது. ஆனால் கம்பெனி பம்பர் எங்கும் ஒரே தடிமனில் வார்க்கப்பட்டது. பட்டி பூசிய இடத்தில் தடிமன் கூடிக் குறைந்து, உள்ளே ரேடார் அனுப்பும் அலை வளைந்தும் வலுவிழந்தும் போகிறது. மெட்டாலிக் பெயிண்டில் அலுமினியத் துகள் கலந்திருப்பதால், பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காக அடித்தால் விளைவு இன்னும் மோசமாகும். ரேடாருக்கு முன்னால் உள்ள பகுதியில் பட்டி போடக்கூடாது, மறுபூச்சு இத்தனை அளவைத் தாண்டக்கூடாது என்று பல கம்பெனிகள் தம் பழுதுநீக்கக் குறிப்புகளில் விதித்திருப்பது இதனால்தான். உங்கள் வண்டியில் பம்பர் வேலை முடிந்த பிறகே தொல்லை தொடங்கியிருந்தால், சென்சாரைத் தொடுவதற்கு முன்பு பம்பரை மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியானால் பம்பரின் இரு மூலைகளையும் விரலால் தட்டி ஓசையை ஒப்பிடுங்கள். பட்டி பிடித்த மூலை மந்தமாக ஒலிக்கும். உட்புறத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒட்டுவேலையின் தழும்பும் தெரியும்.

மின்சாரமும் வயரும்

பேட்டரி வலுக்குறைந்தால் எஞ்சின் கிளம்பிவிடும், ஆனால் மின்னணுக் கருவிகள் ஒவ்வொன்றாக முறையிடத் தொடங்கும். மல்ட்டிமீட்டர் இருந்தால் வண்டியை இரவு முழுதும் நிறுத்திய பிறகு காலையில் அளந்து பாருங்கள்: 12.4 முதல் 12.6 வோல்ட் வரை இருந்தால் நலம். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். காலையில் 12 வோல்ட்டைத் தொடவில்லை என்றால் பேட்டரியைச் சரிசெய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாருங்கள். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்க, விடுமுறைக்கு மட்டும் எடுக்கப்படும் வண்டிகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அவற்றில் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்து ஃபியூஸ். வண்டியோடு வந்த கையேட்டில் ஃபியூஸ் பெட்டியின் வரைபடம் இருக்கும். இக்னிஷனை அணைத்துவிட்டு உரிய ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து, எரிந்திருந்தால் அதே ஆம்ப் அளவுள்ளதை மட்டும் போடுங்கள். புதியது உடனே எரிந்தால் எங்கோ வயர் உரசி எர்த் ஆகிறது என்று பொருள். கூடுதல் ஆம்ப் போட்டு ஏமாற்ற முயன்றால் வயரிங் கருகும்.

பின் பம்பர் மூலைக்குப் போகும் வயர்க் கட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். அறுவடை முடிந்து வயல் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பும் மாதங்களில், ஓடாமல் நிற்கும் கார் அவற்றுக்கு நல்ல குடியிருப்பு. மேலுறை கடிபட்ட வயர் ஈரம் பட்டால் மட்டும் கோளாறு காட்டி, காய்ந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடும். மழையில் வந்து வெயிலில் மறையும் கோளாறுக்கு, பம்பர் சுத்தமாக இருந்தும் வருமானால், வயரையும் கப்ளரையும்தான் சந்தேகிக்க வேண்டும். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கப்ளரின் ஊசிகளில் பச்சை பூக்கவைக்கும். அதைக் கத்தியால் சுரண்டாமல், மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த நாள்களில், நின்ற இடத்திலேயே நீரில் மூழ்கிய கார்கள் பல. இந்த ரேடார் பெட்டி பம்பர் உயரத்தில் இருப்பதால் முழங்கால் அளவு வெள்ளமே அதை எட்டிவிடும். பெட்டி நீர்புகா வகையில் அடைக்கப்பட்டதுதான்; ஆனால் பல மணி நேரம் சேற்று நீரில் நின்ற கப்ளர் உடனே கெடாமல் மாதங்கள் கழித்து அரிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு கைமாறிய பழைய வண்டியை நீங்கள் வாங்கியிருந்தால், பின் மூலைக் கப்ளர்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது வீண் சந்தேகம் ஆகாது.

ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது

இதுவரை சொன்னவை எதிலும் விடை கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட ஓபிடி துளை இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கருவி தானே பதிவுசெய்து வைத்திருக்கும் கோளாறு எண் கிடைக்கும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் தொடர்பான, ஆங்கில பி (P) எழுத்தில் தொடங்கும் எண்களை மட்டுமே படிக்கும். பிளைண்ட் ஸ்பாட் ரேடாரின் எண்கள் சி (C), பாடியைக் குறிக்கும் பி (B), யு (U) ஆகிய எழுத்துகளில் தொடங்கும் பிரிவுகளில் இருக்கும். அவற்றைப் படிக்க எல்லாப் பகுதிகளையும் திறக்கும் ஸ்கேனர் வேண்டும். கம்பெனி சர்வீஸ் மையத்திலும், திருநெல்வேலியில் நல்ல கார் எலக்ட்ரீஷியன்கள் சிலரிடமும் அது உண்டு.

யு என்று தொடங்கும் எண் வந்தால் தகவல்தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். பொது வரிசையில் யு0232 இடப்பக்கக் கருவியோடும், யு0233 வலப்பக்கக் கருவியோடும் தொடர்பு இல்லாததைக் குறிக்கும். இந்த எண் வந்தவுடன் ரேடார் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். மின்சாரம் போகாத ரேடாரும் இதே எண்ணைத்தான் தரும். ஆகவே கப்ளரைக் கழற்றி, அங்கே 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்த பிறகே பெட்டியைக் குறை சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. பல கார்களில் இரண்டு ரேடார்களில் ஒன்று தலைமை, மற்றொன்று அதற்குத் தகவல் தரும் துணை. துணை ரேடாரின் வயர் அறுந்தாலும் மொத்த வசதியும் நின்றுபோகலாம். அதைப் பார்த்துவிட்டு இரண்டையும் மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வரும் வண்டியை எச்சரிக்கும் வசதியும் இதே ரேடார்களில்தான் இயங்குகிறது. அதுவும் சேர்ந்து நின்றிருந்தால் குறை ரேடார் பக்கம். அது ஒழுங்காக வேலை செய்து கண்ணாடி விளக்கு மட்டும் எரியாவிட்டால் குறை விளக்குப் பக்கம்.

பட்டறையில் தயங்காமல், 'அண்ணாச்சி, எண்ணை அழிக்கிறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்' என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கும்போது அதே எண் திரும்பி வருகிறதா, வேறு எண் வருகிறதா என்பதுதான் அடுத்த முடிவுக்கு அடிப்படை.

கோணம்

மெதுவாக இடிபட்ட வண்டியில் பம்பர் பிளாஸ்டிக் வளைந்து தானே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். உள்ளே ரேடாரைத் தாங்கும் உலோகப் பட்டை திரும்பாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே கோணம் மாறியிருப்பது இப்படித்தான். ஒரு டிகிரி பிசகினால் 50 மீட்டர் தூரத்தில் கதிர் ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் விலகும். நான்கு டிகிரி பிசகினால் மூன்றரை மீட்டர், அதாவது நெடுஞ்சாலையில் ஒரு முழுத் தடத்தின் அகலம் விலகிவிடும். பக்கத்துத் தடம் காலியாக இருக்க அதற்கு அடுத்த தடத்தில் போகும் பேருந்துக்கு விளக்கு எரிகிறது என்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் எப்போதும் தாமதமாக எரிகிறது என்றால், கோணத்தைச் சந்தேகியுங்கள்.

தாங்கியை நிமிர்த்தித் திரும்ப மாட்டக் கூடாது. புதிது போட வேண்டும். அதன்பின் கேலிபிரேஷன், அதாவது ரேடாரின் கோணத்தை அளந்து சரிசெய்யும் வேலை, செய்ய வேண்டும். சில கார்களில் ஸ்கேனரில் கட்டளை கொடுத்துவிட்டுச் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டினாலே ரேடார் தன் கோணத்தைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குச் சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, அளந்து வைத்த தூரத்தில் பிரதிபலிப்பானையோ அதற்கென உள்ள மின்னணுக் கருவியையோ நிறுத்திச் செய்ய வேண்டும். இரண்டாவது வகையை மேடுபள்ளமான பட்டறைத் தரையில் கண்ணளவாகச் செய்ய முடியாது. உங்கள் வண்டிக்கு எது தேவை என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வசதி உள்ள இடத்துக்கே போங்கள், அது மதுரையாக இருந்தாலும் சரி.

மாற்றியே ஆக வேண்டுமென்றால்

ரேடார் பெட்டியின் பாகஎண் உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்த வேண்டும். இடம், வலம் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். மாட்டியவுடன் அது வேலை செய்துவிடாது. எந்த வண்டியில், எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதை ஸ்கேனர் வழியாக அதற்குப் பதிவுசெய்ய வேண்டும். உடைக்கும் கடையில் கிடைக்கும் பழைய பெட்டி வேறொரு வண்டியோடு பதிவானதாக இருந்தால் சில கம்பெனிகளின் கருவிகள் அதை ஏற்பதே இல்லை. விபத்தில் கெட்டதாக இருந்தால் காப்பீட்டு சர்வேயர் வரும்போதே ரேடார், தாங்கி, வயரிங், கேலிபிரேஷன் கட்டணம் ஆகிய நான்கையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள். பம்பரை மட்டும் எழுதிப் போன பிறகு மற்றவற்றைச் சேர்ப்பது பெரும்பாடு. சிறு செலவுதான் என்றால், கிளைம் எடுப்பதால் அடுத்த ஆண்டு இழக்கப்போகும் நோ கிளைம் போனஸையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி காலம் முடியாத வண்டியில் வெளி எலக்ட்ரீஷியனை வயரை வெட்டி ஒட்டவிடுவது எக்காரணத்தாலும் கூடாது.

வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் வைத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடாமல், ஓட்டிப் பார்த்தே பணம் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில், நெரிசல் குறைந்த நான்குவழிச் சாலையில், கேடிசி நகருக்குத் தெற்கே நாங்குநேரி செல்லும் பக்கம் அதற்கு வசதியானது. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் விளக்கைப் பார்த்துச் சொல்லட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில் இடத்தடத்தில் சீராகப் போய்க்கொண்டு, நண்பரின் காரை வலப்பக்கம் மெதுவாகக் கடந்து போகச் சொல்லுங்கள். அவருடைய முன்பகுதி உங்கள் உள்கண்ணாடியிலிருந்து மறையும் நேரத்தில் விளக்கு எரிய வேண்டும். அவர் உங்கள் ஓட்டுநர் கதவைத் தாண்டியதும் அணைய வேண்டும். பிறகு நீங்கள் வலத்தடத்துக்கு மாறி, அவரை இடப்பக்கத்தில் சற்றே பின்தங்கி வரச் சொல்லி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது, தடம் மாறாமல், இண்டிகேட்டரை மட்டும் ஒருமுறை போட்டு ஒலி வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது விளக்கு அணைந்தே இருக்கிறதா என்பதைச் சில கிலோமீட்டர் கவனியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிந்து அணைந்தால் பட்டறைக்குத் திரும்பி மறுபடி ஸ்கேனர் போட்டு, எந்த எண்ணும் மீண்டும் பதிவாகவில்லை என்பதைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தின் எண்ணும், கேலிபிரேஷன் செய்த விவரமும், பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்பதும் பில்லில் தனித்தனி வரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கழற்றிய பழைய பெட்டியையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.